பச்சைக்கு மாறினால் மரணம்

அத்தியாயம் 6

எழிலரசனுக்கு உயரம் என்றால் ஆகாது. குன்றத்தூர் மலைக்கோயில் படியில்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான். முருகன் ஒருநாள் கீழே இறங்கி வந்து தரிசனம் கொடுத்தால் தேவலை என்று நினைக்கிற ஆள்.

அப்படிப்பட்டவன் விஜயதசமி காலையில் ஒரகடம் சாலையோரம் நின்று, வானத்தில் கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி இருந்த அந்தப் புது ஸ்டேடியத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தான். இரும்புச் சட்டத்தின் மேல் வரிசையாகப் பதித்த சோலார் தகடுகள்தான் கூரையே. வெயில் அதில் பட்டு, பார்ப்பவன் கண்ணில் ஊசியாகக் குத்தியது. கபடி, எறிபந்து, ஓட்டம், நீச்சல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மொத்தமும் சூரிய மின்சாரத்தில். இன்று மாலை திறப்பு விழா. சுற்று வட்டாரத் தொழிற்சாலைகளின் அணிகள் மோதப்போகின்றன. கேலரி நிரம்பி வழியும் என்று ஒலிபெருக்கி காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

"மேடம், துப்பு எதுனா கீழயே கெடைக்கும்ல?"

அவன் கேட்டது ஏலவார்குழலியிடம். ஊழியர்களின் வண்டிகள் நிற்கும் கொட்டகையில் ஒரு ஸ்கூட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். குன்றத்தூரில் டிபன் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள், காஞ்சிபுரத்துக்காரி. எழிலரசன் அவளுடைய ஒரே உதவியாள். முன்பு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தான். அந்த உற்பத்தி லைனையே மூடிவிட்டார்கள். இதுவும் குறை கண்டுபிடிக்கிற வேலைதானே என்று இங்கே வந்து சேர்ந்துவிட்டான்.

ஸ்கூட்டி சத்யப்பிரியாவுடையது. இந்த ஸ்டேடியத்தின் சோலார் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் பெண். நேற்று ஆயுத பூஜைக்கு வந்தவள் வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. லீவு நாளில் வயசுப்பெண் எங்கே போயிருப்பாள், வந்துவிடுவாள், பொறுங்கள் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொறுக்க முடியாத அம்மா சொர்ணம்மாள் பென்னலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துக் குழலியின் கதவைத் தட்டியிருந்தாள். இப்போது ஒரு தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்தபடி தூணோரம் நின்றாள்.

"பூஜை முடிஞ்சதும் யார் பைக்லயோ ஏறிப் போச்சுன்னு அந்த ரகுபதி சாரு சொல்றாருமா," என்றாள் சொர்ணம்மாள். "எம் பொண்ணு அப்டி இல்லம்மா. சின்ன வேல ஒண்ணு கீது, முடிச்சிட்டு வண்டிய எடுத்துக்கினு வந்துடறேன்னு போன்ல சொல்லிச்சி."

ரகுபதி என்பவர் ஸ்டேடியத்தின் பராமரிப்பு மேனேஜர்.

"எழில், இங்க பாரு."

ஸ்கூட்டியின் விளக்கில் சந்தனம், குங்குமம். ஹேண்டில்பாரில் காய்ந்த சாமந்தி. முன்சக்கரத்துக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம், பின்சக்கரத்துக்கு முன்னால் ஒன்று. இரண்டும் உருண்டையாக, முழுசாக.

"எலுமிச்சம்பழம். பாத்தேன். ஜூஸ் போடலாமா?"

"பக்கத்து வண்டிங்க?"

எழில் பார்த்தான். கொட்டகை நெடுக நேற்று வண்டிகள் நின்ற இடமெல்லாம் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக் கிடந்தது. பூஜை போட்ட வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். அதைச் செய்யாமல் பூஜை முடிந்ததாக ஊரில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

அவனுடைய சிரிப்பு நின்றது.

"பழத்த வெச்சிட்டு, ஏத்தாம, வேற எவன் பைக்லயோ போவாளா..."

"போவ மாட்டா. வண்டி எடுக்க வரதுக்கு முன்னாடியே ஏதோ நடந்திருக்கு." குழலி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "அவ வெளியவே போகல, எழில். இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கா."

எழில் மறுபடி அந்த அண்டாவைப் பார்த்தான். இந்தத் தடவை அது பெரிதாகத் தெரிந்தது.

கன்ட்ரோல் ரூம் கேலரிக்கு அடியில், ஏசி குளிரில் இருந்தது. உள்ளே கனிஷ்கா என்ற பெண் தனியாக உட்கார்ந்து, நேற்றைய பூஜைப் பொரியைக் கிண்ணத்தில் வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தாள். சத்யப்பிரியாவின் தோழி. அழுது கண் வீங்கியிருந்தது.

"டெக்னீஷியன்லாம் எங்கப்பா?" என்றாள் குழலி.

"யாரும் இல்ல மேடம். டூல்ஸ்லாம் பூஜைல வெச்சிட்டோம்ல. நேத்து தொடக் கூடாது. இன்னிக்கு எல்லாருக்கும் லீவு. நான் மட்டும் ஸ்க்ரீன் பாக்கணும்னு வந்தேன்."

சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் கூரையின் படம், வட்டமாக, சின்னச் சின்னக் கட்டங்களாக. ஒவ்வொரு கட்டமும் ஒரு வரிசைத் தகடுகள் என்று கனிஷ்கா விளக்கினாள். நன்றாக மின்சாரம் வந்தால் கட்டம் பச்சை. குறைந்தால் மஞ்சள். நின்றே போனால் சிவப்பு.

"மழைநாள் தவிர எப்பவும் பச்சைதான் மேடம். பச்சை இருந்தா நிம்மதியா டீ குடிக்கப் போவோம்."

கட்டங்கள் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. ஒன்றைத் தவிர.

"இது மட்டும் ஏன் மஞ்சள்?"

"கிழக்கு ஏழு. நேத்து பூஜைக்குத் தகட்டுக்கும் மாலை போட்டாங்களாம். அந்த நிழல் விழுதுன்னு ரகுபதி சார் சொன்னாரு."

"தகட்டுக்கு மாலை போடறவங்க எனக்கும் ஒண்ணு போட்டிருக்கலாம்," என்று எழில் பொரியில் கை வைத்தான். அவனுக்குப் பயம் வந்தால் வாயும் வயிறும் சேர்ந்து வேலை செய்யும்.

குழலி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கட்டம் பச்சையானது. மறுபடி மஞ்சள். பச்சை. மஞ்சள். பிறகு பச்சையாகவே நின்றது.

"மாலை போட்ட எடத்துலயே கெடக்கும். அது நிழல் ஏன் வந்து வந்து போகுது?"

"காக்கா?" என்றான் எழில்.

"காக்கா எண்ணி மூணு தடவ உக்காந்து எழுந்திருக்குமா?"

மூவரும் பார்த்தார்கள். கட்டம் பச்சையாக இருந்தபோது எழில் ஒரு வாய் பொரி தின்றான். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். மறுபடி பச்சை. இந்த முறை கையிலிருந்த பொரி மொத்தமும் தீர்ந்த பிறகுதான் மஞ்சள் வந்தது. அதுவும் இரண்டே தடவை. அடுத்த இடைவெளியில் கிண்ணமே காலியாயிற்று.

எழில் காலிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"மேடம், இது களைச்சிப் போவுது."

"கனிஷ்கா," குழலியின் குரல் தணிந்தது. "இந்தத் திரைய யார் யார் பாப்பீங்க?"

"நானும் சத்யாவும்தான் மேடம்."

"கையில போன் இல்ல. கத்துனா இந்த ஒலிபெருக்கிச் சத்தத்துல கேக்காது. ஆனா ஒரு தகட்டுக்கு மேல துணியப் போட்டு எடுத்தா, அது எங்க தெரியும்?"

கனிஷ்காவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. விரல்களுக்கிடையே சொற்கள் வந்தன. "காலைல இருந்து எனக்குத்தான் காட்டிக்கினு இருக்காளா? நான் சார்கிட்ட கேட்டேன் மேடம். மத்தியானத்துக்குள்ள அதுவா சரியாயிடும்னு சொன்னாரு."

"என்ன சரியாயிடும்?" என்றது வாசலில் ஒரு குரல்.

ரகுபதி. நெற்றியில் விபூதிக் கீற்று, இடுப்பில் கனத்த சாவிக்கொத்து, முகத்தில் விழா நாள் சிரிப்பு. குழலி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"பாவம் அந்தம்மா. பொண்ணு வந்துரும் மேடம். கிழக்கு ஏழா? மாலைதான். நம்பிக்கை இல்லன்னா மேல வந்து பாத்துருங்களேன். நானே கூட்டிட்டுப் போறேன்."

குழலி திரும்பும்போது கனிஷ்காவின் காதருகே குனிந்தாள். அவள் முணுமுணுத்ததில், என் நம்பருக்கு அடி, லைனைக் கட் பண்ணாதே என்பது மட்டும் எழிலுக்குக் கேட்டது.

கூரைக்குப் போகும் இரும்பு ஏணி ஒரு குழாய்க்குள் செங்குத்தாக ஏறியது. ரகுபதி இருவருக்கும் இடுப்பு பெல்ட் கொடுத்தார். அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்று முனையில் கொக்கி.

"மேல போனதும் கம்பியில நானே மாட்டி விடறேன். பயப்படாதீங்க தம்பி."

"பயமா? எனக்கா?" என்றான் எழில். "காலு ரெண்டும் அதுங்களா டான்ஸ் ஆடுது சார். நமக்குச் சம்பந்தமில்ல."

மேலே வந்ததும் வெயில் அறைந்தது. அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லின் மேல் எறும்பாகிவிட்ட மாதிரி இருந்தது எழிலுக்கு. எந்தப் பக்கமும் கண்ணாடித் தகடுகள், சரிவாக, வழவழவென்று. நடுவே ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் இரும்புப் பாதை. பாதையின் ஓட்டைகள் வழியே, கீழே மைதானத்தில் எறிபந்து ஆடும் பெண்கள் கடுகு மாதிரி தெரிந்தார்கள். தூரத்தில் கன்டெய்னர் லாரிகள் தீப்பெட்டிகளாக ஊர்ந்தன. அதற்கு மேல் பார்க்காமல் அவன் அப்படியே பாதையில் குப்புறப் படுத்துக்கொண்டான். கொக்கியை மாட்டும் சத்தம் 'டிக்' என்று பின்னால் கேட்டது. நகர்ந்து நகர்ந்தே அவர்கள் பின்னால் போனான்.

உச்சி வெயிலில், வட்டக் கூரையில், திசை என்று ஒன்று இல்லை. ரகுபதி நின்ற இடத்தில் எல்லோரும் நின்றார்கள்.

"இதான் கிழக்கு ஏழு. பாருங்க."

தகட்டின் குறுக்கே ஒரு சாமந்தி மாலை கிடந்தது.

படுத்திருந்த எழிலின் மூக்குக்கு நேராக இருந்தது மாலை. வாசனை கும்மென்று வந்தது. இதழ் ஒன்று அவன் கன்னத்தில் ஒட்டியது. இன்னும் வாடவில்லை. கம்பெனியில் எத்தனையோ வருஷம் குறை பார்த்துப் பழகிய புத்தி, பயத்தையும் மீறி வாயைத் திறந்துவிட்டது.

"சார், நேத்து போட்ட மாலையா இது? நேத்திலேந்து இந்தத் தகட்டுல கெடந்திருந்தா அப்பளமாயிருக்கணுமே. எங்க வூட்டு ஃப்ரிட்ஜுல வெச்ச பூகூட இவ்ளோ ஃப்ரெஷ்ஷா..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே உறைத்தது. பின்னால் ரகுபதியின் மூச்சு மட்டும் கேட்டது. எழில் மெல்லத் தலையைத் திருப்பினான். தன் இடுப்பிலிருந்து போன கயிற்றைக் கண்ணால் தொடர்ந்தான். அதன் முனை எதிலும் மாட்டப்படவில்லை. கொக்கி பாதையின் மேல் சும்மா கிடந்தது. கொக்கியைக் கொக்கியோடு தட்டினாலும் 'டிக்' என்று சத்தம் வரும்.

இரண்டு கையாலும் பாதையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

குழலி கொக்கியைப் பார்த்தாளா தெரியவில்லை. குனிந்து மாலையை எடுத்து ஓரமாகப் போட்டாள். சட்டைப்பையில் இருந்த போனை வெளியே எடுத்தாள். அது முன்பே லைனில்தான் இருந்தது.

"கனிஷ்கா, இப்ப எந்தக் கட்டம் மாறிச்சு?"

"மேற்கு மூணு மேடம்," என்றது ஸ்பீக்கர். "இப்பதான் நல்லா ஏறுது. காலைல ஒம்போது மணி வாக்குல கொஞ்சம் கொறைஞ்சிருந்தது. நான் கவனிக்கவே இல்ல."

"அப்ப நாங்க நிக்கிறது மேற்கு. கிழக்கு ஏழு எப்படி இருக்கு?"

"அது பரவால்ல மேடம். பச்சைதான்." பிறகு அந்தக் குரல் உடைந்தது. "நீங்க ஏணி ஏறுனதுலேந்து பச்சையாவே இருக்கு."

காலமெல்லாம் பச்சையைப் பார்த்தால் போ, சிவப்பைப் பார்த்தால் நில் என்று பழகிய எழிலுக்கு, அந்த ஒரு வார்த்தை இப்போது தலைகீழாகிவிட்டது. பச்சை என்றால் நிழல் இல்லை. நிழல் இல்லையென்றால் துணியைத் தூக்கக் கை இல்லை.

"மத்தியானத்துக்குள்ள அதுவா சரியாயிடும்னு நீங்க சொன்னீங்களே, ரகுபதி சார்," என்றாள் குழலி. "சரியாயிடுச்சு. அவள எங்க வெச்சிருக்கீங்க?"

ரகுபதியின் சிரிப்பு கழன்று விழுந்தது. அவர் கண் ஒரு கணம் கூரையின் எதிர்ப்பக்கம் போய் வந்தது. அங்கே தகடுகளுக்கு நடுவில் ஒடுங்கி ஒரு சின்னத் தகரக் கூண்டு. தகடு துடைக்கிற சாமான் போடும் அறை.

"விழா முடிஞ்சதும் தொறந்துடலாம்னுதான்..." என்றார். "நான் கெட்டவன் இல்ல மேடம். இன்னிக்கு ஒருநாள் அவ வாயத் தொறக்காம இருந்தா போதும்னு நெனைச்சேன்."

"சாவி."

அவர் இடுப்பிலிருந்து கொத்தை உருவினார். நீட்டுகிறார் என்றுதான் எழில் நினைத்தான். வீசிவிட்டார்.

சாவிக்கொத்து கண்ணாடிச் சரிவில் கிணுகிணுவென்று வழுக்கிக்கொண்டே போய், கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகர வாய்க்காலில் விழுந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஆகாயம்.

"ஏணிக்கு செக்யூரிட்டி வந்துகினு இருக்காங்க மேடம், சத்யா அம்மாவும் இங்கயே வந்து கேட்டுக்கினுதான் இருக்காங்க," என்றது போன். ரகுபதி அதைக் கேட்டு அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டார். குழலி நகராமல் அவருக்கும் ஏணிக்கும் நடுவில் நின்றாள். நகர்ந்தால் ஓடிவிடுவார். அவள் எழிலைப் பார்த்தாள். பிறகு சாவிக்கொத்தை.

"தெரியும் மேடம்," என்றான் எழில். "நான்தான்."

தன் கொக்கியைத் தானே எடுத்துக் கம்பியில் மாட்டினான். இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு கண்ணாடிச் சரிவில் காலை வைத்தான்.

உள்ளங்கை பொசுங்கியது. முழங்காலை ஊன்றும்போதெல்லாம் அடியில் தகடு 'தடக்' என்று ஆடியது. தன் முழங்கால்தான் ஆடுகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். வாய் தன்பாட்டுக்கு முருகனிடம் பேசிக்கொண்டிருந்தது. படியேற அலுத்துக்கொண்டதையெல்லாம் மன்னித்துவிடு, இனிமேல் கைப்பிடியைத் தொடவே மாட்டேன், இல்லை, கைப்பிடியை மட்டும் தொடுவேன். கயிறு விறைத்து இடுப்பைப் பிடித்து நிறுத்திய இடத்திலிருந்து வாய்க்காலுக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. எக்கினான். விரல் நுனியில் சாவி வளையம் தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தபோது, விளிம்புக்குக் கீழே, வெகு ஆழத்தில், பஸ்களிலிருந்து மஞ்சள் டீசர்ட் போட்ட தொழிலாளிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ மேளம் அடித்தார்கள்.

கொத்து கைக்கு வந்துவிட்டது.

பாதைக்குத் திரும்பி, வட்டமாக ஓடி, தகரக் கூண்டை அவன் அடைந்தபோது காலில் நடுக்கம் இருந்ததா என்று பார்க்க நேரமில்லை. கதவைத் தட்டினான். உள்ளே சத்தம் இல்லை. தகரம் தொட முடியாமல் கொதித்தது. பூட்டு பளபளவென்று புதுசாக இருந்தது. கையில் இருந்ததோ ஒரு பிடி சாவிகள். எல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற நேரம் உள்ளே இருப்பவளுக்கு இருக்காது.

எழில் விரல்களைப் பார்த்தான். சிவந்திருந்தன. ரத்தம் என்று நினைத்தான். குங்குமம்.

நேற்று சாவிக்கொத்தும் பூஜையில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு சாவியின் தலையிலும் சந்தனம், அதன் மேல் பொட்டு. யாரோ பக்தியாக ஒன்றுவிடாமல் வைத்திருந்தார்கள். அவன் கொத்தை விரித்தான். ஒரே ஒரு சாவிக்கு மட்டும் நெற்றி வெறுமையாக இருந்தது. பூஜைக்குப் பிறகு கொத்தில் சேர்ந்த சாவி. பூஜைக்குப் பிறகு மாட்டிய பூட்டு.

பொட்டில்லாத சாவியைப் போட்டுத் திருப்பினான். பூட்டு வாயைப் பிளந்தது.

உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. சத்யப்பிரியா சுவரில் சாய்ந்து கிடந்தாள். பக்கத்தில் தகடு துடைக்கும் நீளமான வைப்பர் கம்பு. அதன் முனையில் அவளுடைய துப்பட்டா சுற்றியிருந்தது. மேலே, கூரையோரம் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதன் வழியேதான் கம்பைத் தகட்டின் மேல் நீட்டியிருக்கிறாள்.

எழில் அவள் மூக்கருகே விரலை வைத்தான்.

மூச்சு இருந்தது.

ஏணி ஏறி வந்த செக்யூரிட்டி ஒருவரும் எழிலும் அவளை நிழலுக்கு இழுத்து, அவர் கொண்டுவந்த தண்ணீரை முகத்தில் தெளித்து, உதட்டை நனைத்தார்கள். செக்யூரிட்டிகளிடம் ரகுபதியை ஒப்படைத்துவிட்டுக் குழலியும் வந்து சேர்ந்தாள். சத்யப்பிரியா கண்ணைத் திறந்தாள். அம்மாவைக் கேட்கவில்லை. இன்னும் தண்ணீர் கேட்கவில்லை.

"விழா... ஆரம்பிச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. இப்பதான் பஸ் வருது."

"உள்ள விடாதீங்க. தகட்டப் பிடிக்கிற கிளாம்ப் எல்லாம் மட்டம். பாதி எடத்துல போடவே இல்ல. காத்து ஒருவாட்டி நல்லா அடிச்சா, அப்டியே கேலரி மேல..." மூச்சு வாங்கியது. "இத சார்கிட்டதான் மொதல்ல சொன்னேன். மேல வந்து காட்டுன்னாரு."

எழில் தான் தவழ்ந்து போன சரிவைத் திரும்பிப் பார்த்தான். கையை நீட்டி, பக்கத்தில் இருந்த தகட்டின் ஓரத்தை ஒரு விரலால் அமுக்கினான்.

தடக்.

ஆடியது அவன் முழங்கால் இல்லை.

மேற்கிலிருந்து லேசான காற்று வந்தது. வெயிலுக்கு இதமாக. கூரை நெடுக, ஒன்றன்பின் ஒன்றாக, குளிரில் பல் தந்தியடிப்பது போன்ற சத்தம் எழுந்து அடங்கியது.

குழலி போனை உயர்த்தினாள். "கனிஷ்கா, மெயினையே அணைச்சு எல்லாத்தையும் நிறுத்து. கரண்ட் போனா விழா நின்னுடும்."

"ரகுபதி சார் சொல்லாம மெயின் ஆஃப் பண்ணக் கூடாது மேடம்..."

குழலி போனைச் சத்யப்பிரியாவின் வாயருகே பிடித்தாள்.

"கனி," என்றாள் அவள். "நான்தான்டி. அமுத்து."

ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் நின்றது. திறப்பு விழா விளம்பரம் ஓடிய ராட்சதத் திரை கறுத்தது. வாசலில் கூட்டம் ஓவென்று இரைந்தது. பேட்டரியில் ஓடும் கன்ட்ரோல் ரூம் திரையைப் பார்த்துக் கனிஷ்கா விசும்புவது போனில் கேட்டது. "எல்லாக் கட்டமும் செவப்பாயிடுச்சு மேடம். ஒண்ணுகூடப் பச்சை இல்ல."

"இப்பதான் நிம்மதியா கீது," என்றான் எழில், கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி. "சரி, என்னை யாரு எறக்கப் போறீங்க?"

ஆம்புலன்ஸ் கதவு சாத்துமுன் சொர்ணம்மாள் தண்ணீர் பாட்டிலை மகள் கையில் வைத்து அழுத்தினாள். பிறகு எழிலைப் பார்த்தாள். "தம்பி, அந்த வண்டிய மட்டும் நம்ம வூட்டாண்ட கொண்டாந்து வுட்டுடறியாப்பா? சாவி வண்டிலயே கீது."

எழில் கொட்டகைக்குப் போனான். ஸ்கூட்டி அப்படியே நின்றது. சாவியில் கை வைத்தவன், சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னாச்சு?" என்றாள் குழலி.

"வேணாம் மேடம். பழம் ரெண்டும் வெயிட் பண்ணிக்கினு கீது. அவங்களே வந்து ஏத்தட்டும்."